வாவியை மேசைக்குக் கொண்டுவருவது: தொடுதிரையா, மணலா, மரக்கட்டையா?

மட்டக்களப்பு வாவிப் பக்கத்து எங்கள் ஊர் வாசிகசாலையின் பின்னறை நெடுநாளாகச் சும்மா கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் சிலர் சேர்ந்து அந்த அறைக்கென ஒரு தொகை அனுப்பியிருக்கிறார்கள். மாரி வந்தால் வெள்ளம் ஏன் ஏறுகிறது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் ஏன் இறங்குகிறது, உன்னிச்சைக் குளத்தில் மிஞ்சிய தண்ணீரை விடும் வான்கதவு திறந்தால் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், யாருடைய வளவுக்குள் தண்ணீர் வரும் என்பதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் தொட்டு விளையாடி விளங்கிக்கொள்ளும் மாதிரி அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். கூட்டத்தில் முதலில் வந்த யோசனை பெரிய தொடுதிரை. இரண்டாவது, யாரோ காணொளியில் பார்த்த மணல் மேசை. மற்ற இரண்டும் நான் கொண்டுபோனவை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலத்திரனியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள். இதே கேள்வி நாளைக்கு வேறு வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் வரும். ஆகவே பார்த்ததையும் எடை போட்ட விதத்தையும் விபரமாக எழுதிவைக்கிறேன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய் இரண்டு. ஒன்று பட்டணத்துக்குப் பக்கத்தில் பாலமீன்மடுவில், மற்றது தெற்கே கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு பக்கம். அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கும். மாரியில் உள்ளே தண்ணீர் நிறைந்ததும் அந்த மணல்மேட்டை வெட்டி விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் வலை வீசுகிறவருக்கும் எப்போதும் ஒரே விருப்பம் இருப்பதில்லை. 2011 தை மாத வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவரைக் காட்டிச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக, நாங்கள் செய்யப்போகும் மேசை வெறும் படம் காட்டினால் போதாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, 'இப்ப வெட்டினா என்ன, பிறகு வெட்டினா என்ன' என்று கைவைத்துக் கதைக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் மணல், பக்கத்தில் ஒரு மாணவன்

காசு செலவழிக்கும் முன் இரண்டு பின்னேரம் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தோம். முதல் நாள் ஒரு டப்லட்டில் வாவியின் வரைபடம். விரலால் தொட்டால் இடத்தின் பெயர் வரும், பெருப்பிக்கலாம், நகர்த்தலாம். இரண்டாம் நாள் ஒரு மரப்பெட்டியில் ஈர மணல், ஒரு கோப்பை தண்ணீர், தீப்பெட்டி அளவில் வெட்டிய சில மரத்துண்டுகள். கணினி செய்ய வேண்டிய வேலையை என் மாணவன் ஒருவன் செய்தான். யாராவது மழைத்துண்டை வைத்தால் அவன் தண்ணீர் ஊற்றுவான், வான்கதவுத் துண்டைத் தூக்கினால் இன்னொரு பக்கத்தில் ஊற்றுவான். இடைமுகம் வடிவமைக்கிறவர்கள் உலகமெங்கும் கையாளும் பழைய முறை இது. யந்திரத்தைக் கட்டும் முன் யந்திரமாக ஒரு மனிதனை நிறுத்திப் பார்ப்பது.

ஆறு பிள்ளைகள் வந்தார்கள். தோணி வைத்திருக்கும் மாமா ஒருவரும், எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மா ஒருவரும் வந்தார்கள். முதல் நாள் டப்லட்டை ஒரு பையன் பிடித்துக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அம்மம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இது விளங்காது மனே, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் நடந்தது வேறு. மாமா கேட்காமலே குனிந்து, சின்னவிரல் நகத்தால் மணலில் ஒரு கோடு கீறினார். கோடு நேராக இல்லை, ஒரு பக்கம் சரிந்திருந்தது. "ஆத்துவாய நேர வெட்டக்கூடா. இப்பிடிக் கொஞ்சம் சரிச்சி வெட்டணும். இல்லாட்டி கடல் திரும்பவும் தூர்த்துப்போடும்" என்றார். அவர் விரல் மூட்டில் ஈர மணல் ஒட்டியிருந்தது. எதிரே நின்ற ஒன்பது வயதுப் பிள்ளை அந்தக் கோட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அடைத்தாள். "மாமா, நான் மூடிட்டன், இப்ப தண்ணி எங்க போகும்?" மாணவன் தண்ணீர் ஊற்றினான். கையைச் சுற்றி வழிந்து, மரத்துண்டு வீடுகள் இரண்டை நனைத்தது. அம்மம்மா எழும்பி வந்து ஒரு வீட்டைத் தூக்கிக் கொஞ்சம் மேலே வைத்தார். "இஞ்ச மேட்டில வைக்கணும். நாங்க அந்த முறை இந்தப் பக்கம்தான் ஓடி வந்த."

நான்கு தெரிவுகளையும் நான் எடைபோட்டது இந்தப் பின்னேரத்தை மனதில் வைத்துத்தான். ஒரே நேரத்தில் எத்தனை கை வைக்கலாம்? வாசிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியுமா? கரண்ட் போனால் மிஞ்சுவது என்ன? பழுதானால் ஊரிலேயே யார் திருத்துவார்?

தொடுதிரை

தொடுதிரையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன், அது கொஞ்சமல்ல. வாங்கிச் சுவரில் பொருத்தினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். உள்ளடக்கத்தை எப்போதும் மாற்றலாம். இன்றைக்கு வாவி, நாளைக்கு டெங்கு, அடுத்த மாதம் உயர்தர விஞ்ஞானம். அன்றன்றைய மழையளவையும் குளத்து நீர்மட்டத்தையும் காட்ட வேண்டுமென்றால் அதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. செய்தி கொடுப்பதுதான் உங்கள் வாசிகசாலையின் நோக்கம் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், திரையையே வாங்குங்கள்.

எங்கள் நோக்கம் அதுவல்ல. கண்ணாடிக்குப் பின்னால் மணல் இருந்தாலும், தண்ணீர் இருந்தாலும், வீடு இருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படுவது ஒரே கண்ணாடி. மாமாவின் சின்னவிரல் நகத்துக்கு அங்கே வேலையில்லை. பத்து விரலையும் ஒன்றாக உணரும் திரைகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சுவரில் மாட்டிய திரைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், ஒருவர் முன்னே, மற்றவர்கள் பின்னே. மேசைதான் ஆட்களை எதிரெதிரே நிறுத்தும்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. இந்தப் பெரிய திரைகளில் பல, சட்டத்தின் ஓரத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்கும் அனுப்பி, கதிர் எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துத்தான் தொடுகையை அறிகின்றன. விரல் தடுத்தாலும் பூச்சி தடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். முதல் மழை பெய்த இரவில் ஈசல் எங்கே போய் மொய்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போனில் இருப்பது போன்ற, விரலின் மின்கடத்தலை உணரும் வகையை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஈரக் கையும் வியர்வையும் அதைக் குழப்பும்.

திருத்துவதைப் பற்றி ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன் வேறொரு நிலையத்துக்கு நன்கொடையாக வந்த தொடுதிரை ஒன்றை நான்தான் போய்ப் பொருத்திக் கொடுத்தேன். சித்திரை மாதத்து இடிமின்னல் ஒன்றோடு அது அணைந்தது. உள்ளே எரிந்த பலகைக்கு மாற்றுப் பலகை கிடைக்கவில்லை. அதைப் பார்க்க வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது அதன் மேல் ஒரு துணி போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு பழுதானால் முழுதும் போகிற சாமானை இன்னொரு முறை பிள்ளைகளுக்கு முன்னால் வைக்க எனக்கு மனமில்லை.

காற்றில் கையசைத்து இயக்கும் முறையையும், போனை நீட்டிப் பிடித்தால் படம் தோன்றும் முறையையும் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். இரண்டையும் நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். கையை நீட்டியபடி சில நிமிடம் நின்றால் தோள் வலிக்கும். எந்த அசைவுக்கு என்ன நடக்கும் என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'இயல்பான இடைமுகம்' என்று இவற்றைப் புகழ்ந்துகொண்டிருந்த 2010 ஆம் ஆண்டிலேயே, இவை ஒன்றும் இயல்பானவை அல்ல என்று வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நோர்மன் எழுதினார். கையசைவு தடயம் விடாமல் மறைந்துவிடும், பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தெரியாது என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. போனைப் பொறுத்தவரை, அது ஒருவர் கைக்குள் இருக்கும் சாமான். டப்லட்டைப் பிடித்த பையனின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

மணல் மேசை

மனதைப் பறிக்கும் தெரிவு இதுதான், ஆகவே இதில்தான் அதிக நாள் செலவழித்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒலிவர் கிரேலோஸ் என்பவர் எழுதிய மென்பொருளில் இயங்குவது. அதை யாரும் இலவசமாக எடுக்கலாம். ஒரு மீற்றர் நீளம், முக்கால் மீற்றர் அகலமான பெட்டியில் ஏறத்தாழ 90 கிலோ மணல். அதற்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில், கினெக்ட் எனப்படும் ஆழம் அளக்கும் கமரா. பக்கத்தில் ஒரு புரொஜெக்டர். மணலைக் குவித்தால் குவியலின் மேல் சமவுயரக் கோடுகளும் நிறங்களும் விழும். விரித்த கையை மணலுக்கு மேலே பிடித்தால் கமரா அதை மேகம் என்று எடுத்துக்கொள்ளும், கைக்குக் கீழே மழை பெய்யும். அந்த மழைநீர் சரிவுகளைப் பார்த்து ஓடும், பள்ளத்தில் தேங்கும். ஒளிதான் என்றாலும், ஆழமற்ற நீரோட்டத்துக்கான சமன்பாடுகளைக் கணினியின் கிராபிக்ஸ் அட்டை அந்தந்தக் கணத்தில் தீர்த்துக்கொண்டே அதை ஓட்டுகிறது. வாயை மூடினால் தண்ணீர் உண்மையிலேயே வேறு வழி தேடும். யாரும் அதற்கு முன்கூட்டியே வழி எழுதிவைக்கவில்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு நீண்ட வேர் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லாபில் ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997 இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கணினிக்குள் இருக்கும் தகவலுக்குக் கையால் பிடிக்கக்கூடிய உடம்பு கொடுக்க வேண்டும் என்பது அது. இஷி அடிக்கடி காட்டும் உதாரணம் மணிச்சட்டம். அதில் மணியே எண், மணியே அந்த எண்ணை மாற்றும் பிடி. பார்ப்பது ஒன்று, இயக்குவது இன்னொன்று என்ற பிரிவு அதில் இல்லை. 1999 இல் அதே லாபில் ஜோன் அண்டர்கொஃப்ளர் ஒரு மேசை செய்தார். கட்டட மாதிரிகளை அதில் வைத்தால் அவற்றின் நிழலை மேலிருந்து ஒளி வரையும், கட்டடத்தை நகர்த்தினால் நிழலும் நகரும். 2002 இல் களிமண்ணைப் பிசைந்தால் நிலத்தின் சரிவுகளைக் கணித்து அந்த மண்ணிலேயே காட்டும் மேசை வந்தது. மணல் பெட்டி இவற்றின் எளிய தம்பி.

இவ்வளவு பிடித்திருந்தும் நான் பின்வாங்கியதற்கு முதற் காரணம் வாவியின் உருவம். ஒரு மீற்றர் பெட்டிக்குள் 56 கிலோமீற்றரை அடக்கினால், பெட்டியில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 56 மீற்றர். எங்கள் வாவியின் ஆழமோ சில மீற்றர்தான். நாலு மீற்றர் என்று வைத்தாலும் பெட்டியில் அது ஒரு மில்லிமீற்றரில் பதினாலில் ஒரு பங்கு, கடதாசித் தாள் ஒன்றின் தடிப்புக்கும் குறைவு. உயரத்தை மட்டும் நூறு மடங்கு பெருப்பித்தாலும் 7 மில்லிமீற்றர்தான் வரும். அந்த உயரத்தில் இருக்கும் பழைய கினெக்டின் அளவீடே சில மில்லிமீற்றர் அங்கும் இங்கும் தடுமாறும். மலைநாட்டையோ எரிமலையையோ காட்டுவதற்கு மணல் பெட்டி அருமையானது. தட்டையான கரையோரத்தில், ஒரு பிள்ளையின் முழங்கை பட்டால் முழு எழுவான்கரையும், அதாவது கிழக்குக் கரையும், அழிந்துபோகும்.

இரண்டாவது காரணம் வெளிச்சமும் வெக்கையும். புரொஜெக்டர் வெளிச்சம் மணலில் தெரிய அறை மங்கலாக இருக்க வேண்டும். வெயில் நேரே உள்ளே விழுந்தால் கமராவின் அகச்சிவப்பு ஒளியும் குழம்பும். எங்கள் பின்னறையில் இரண்டு பக்கமும் காற்றோட்டக் கல். அதை அடைத்தால் வைகாசி மாதத்தில் பத்துப் பிள்ளைகளை அதற்குள் இருத்த முடியாது. ஏசி போடலாம் என்றார் ஒருவர். அப்படியானால் மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவது யார் என்ற கேள்வி வரும்.

மூன்றாவது, கினெக்ட். 2010 இல் விளையாட்டுக்காக வந்த இந்தக் கமராவின் உற்பத்தியை மைக்ரோசொஃப்ட் 2017 இல் நிறுத்திவிட்டது. பாவித்ததைத் தேடி எடுக்கலாம், அது பழுதானால் இன்னொரு பாவித்தது தேட வேண்டும். கூடவே நல்ல கிராபிக்ஸ் அட்டையுள்ள கணினியும் வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக அணையும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முழு வாவியையும் விட்டு, முகத்துவாரத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவது உங்கள் எண்ணம் என்றால், நான் மேலே சொன்ன முதற் காரணம் விழுந்துவிடும். இருட்டாக்கக்கூடிய அறையும், பொறுப்பாக ஒரு தொழில்நுட்ப உதவியாளரும் இருக்கும் இடத்தில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ, இதைத்தான் செய்ய வேண்டும் என்று நானே போய் வாதாடுவேன்.

அடியில் கமரா வைத்த மேசை

பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செய்த ரியாக்டேபிள் என்ற இசைமேசை 2007 இல் பியோர்க் என்ற பாடகியின் மேடைகளில் ஏறிப் பெயர் பெற்றது. மேற்பலகை ஒளி கசியும் பலகை. அதன் மேல் கட்டைகளை வைத்துத் திருப்பினால் இசை மாறும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு விசித்திரமான கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கும். மேசைக்குள் இருக்கும் கமரா அதைப் பார்த்து, இது எந்தக் கட்டை, எங்கே இருக்கிறது, எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும். ரியாக்டிவிஷன் என்ற அந்த மென்பொருள் இலவசம், படங்களைக் கடதாசியில் அச்சடித்தாலே போதும்.

எங்களுக்கு இதில் பெரிய கவர்ச்சி, கட்டையைத் திருப்புவது. வான்கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. ஆனால் இங்கும் வெளிச்சத்தோடு சண்டை, இங்கும் புரொஜெக்டர், இங்கும் முழு நேரமும் ஓடும் கணினி. அதோடு கமரா. அது மேசையின் அடியை மட்டுமே பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்கு, பிள்ளைகள் விளையாடும் அறையில் கமரா இருக்கிறது என்ற செய்திதான் முதலில் போய்ச் சேரும். அவர்கள் பயப்படுவதில் பிழை இல்லை. விளங்கப்படுத்தலாம், ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு தாய்க்கும் விளங்கப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மரக்கட்டை

1992 இல் லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட்டில் டரல் பிஷப் என்ற மாணவர் ஒரு தொலைபேசிப் பதிவுக் கருவியை வடிவமைத்தார். யாராவது செய்தி விட்டால் கருவியிலிருந்து ஒரு கோலிக்குண்டு உருண்டு வெளியே வரும். குண்டை எடுத்து ஒரு குழியில் வைத்தால் அந்தச் செய்தி கேட்கும், இன்னொரு குழியில் வைத்தால் அவருக்குத் திரும்ப அழைப்புப் போகும். எத்தனை செய்தி இருக்கிறது என்று பார்க்க எண்ணத் தெரிந்தால் போதும், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. அம்மம்மா மரத்துண்டு வீட்டைத் தூக்கி மேட்டில் வைத்தபோது எனக்கு இந்தக் குண்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

நாங்கள் எடுக்கப்போவது இந்த வழி. ஒரு மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்தில் மரப்பலகை. அதில் வாவி, இரண்டு கரைகள், வாவிக்குள் வந்து சேரும் ஆறுகள், மேற்கே உன்னிச்சைக் குளம் எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளமும் மேடுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். இந்த நீளத்துக்கு அளவுத்திட்டம் 1:40,000. ஆழத்தை வேண்டிய அளவு பெருப்பித்துச் செதுக்கலாம், மணல் போல அழியாது. வாவியின் பள்ளத்தில் ஒளி கசியும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் கீழே எல்.ஈ.டி. பட்டி. பலகையில் எட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்குக் கீழும் ஆர்.சி.522 என்ற சின்ன வாசிப்பான். இது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் இருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டியை, அதாவது வானலை மூலம் தன் எண்ணைச் சொல்லும் சின்ன ஒட்டியை, அடையாளம் காணும். ஒட்டி, மரக்கட்டையின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். அதற்கு பற்றரி தேவையில்லை, வாசிப்பானின் அலையிலிருந்தே உயிர் எடுத்துக்கொள்ளும்.

விளையாட்டு இப்படிப் போகும். மழைக்கட்டையைக் குளத்துக் குழியில் வைத்தால் நீல வெளிச்சம் மெல்ல மெல்லப் படுவான்கரைப் பக்கமிருந்து வாவிக்குள் இறங்கும். பாலமீன்மடுக் குழியில் மணல்மேட்டுக் கட்டை இருந்தால் வெளிச்சம் கரை தாண்டிப் பரவும், வலையிறவு என்ற ஊர்ப் பக்கம் சிவப்பாகும். பிள்ளை அந்தக் கட்டையைப் பிடுங்கி எடுத்தால் வெளிச்சம் கடலை நோக்கி வடியும். மணலை வெட்டி எடுப்பதும் கட்டையைப் பிடுங்குவதும் கைக்கு ஏறத்தாழ ஒரே வேலை. அதனால்தான் வாயைத் திறக்க ஒரு பொத்தான் வைக்கலாம் என்று என் மாணவன் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை. ஒரே நேரத்தில் எட்டுக் கை எட்டுக் குழியிலும் இருக்கலாம். எழுத்து எங்கும் இல்லை. விளக்கம் சொல்வது ஒலிபெருக்கி, அதில் ஒலிக்கப்போவது இந்த ஊர் ஆட்களின் குரல். வரைபடத்தில் 'வாவி' என்று இருப்பதை இங்கே எல்லோரும் 'ஆறு' என்றுதான் சொல்கிறார்கள், குரலும் 'ஆறு' என்றே சொல்லும்.

கரண்டைப் பற்றி. இதன் மூளை ஈ.எஸ்.பி.32 என்ற நுண்கட்டுப்படுத்தி, ஒரே வேலையைச் செய்ய எழுதிவைத்த சின்னச் சில்லு. அதற்குள் கணினியில் இருப்பது போன்ற பெரிய இயக்கமுறைமை இல்லாததால், திடீரென்று மின் போய் வந்தாலும் ஒன்றும் கெடாது, வந்த கணத்தில் திரும்ப ஓடும். சின்னக் கணினிப் பலகைகளில் மின்வெட்டின்போது ஞாபக அட்டை பழுதாகி நான் பலமுறை தலையைப் பிய்த்திருக்கிறேன், அந்தத் தொல்லை இதில் இல்லை. எல்.ஈ.டி. ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லியம்பியர் வரை இழுக்கும். அறுபது எல்.ஈ.டி. என்றால் 3.6 அம்பியர். நாங்கள் மங்கலான நீலத்தில்தான் எரிக்கப்போகிறோம், ஆகவே அதில் ஒரு சின்னப் பங்குதான். ஒரு சிறிய பற்றரியில் பின்னேரம் முழுக்க ஓட்டலாம். பற்றரியும் தீர்ந்தால் செதுக்கிய பலகையும் கட்டைகளும் அப்படியே இருக்கும். மாமா விரல் வைத்துக் கதை சொல்ல அது போதும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாசிப்பானுக்குக் கிட்ட உலோகம் இருந்தால் அலை செத்துவிடும், ஆகவே குழிகளுக்குப் பக்கத்தில் ஆணி வேண்டாம், பசையும் மரமுளையும் போதும். எட்டு வாசிப்பானையும் ஒரே கம்பிக் கூட்டில் இணைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தெரிவுக் கம்பி வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும் என்பதால் சொருகும் கம்பிகளை நம்ப வேண்டாம். ஈயம் வைத்துப் பற்றவைத்து, நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். ஒரு வாசிப்பான் செத்தால் அந்தக் குழி மட்டும்தான் சாகும். அடிப்பலகையைத் திருகிக் கழற்றி, உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை ஒன்று அரைமணித்தியாலத்தில் மாற்றிவிடும். இன்னொரு ஊர் தொடுதிரைக்கு ஒதுக்கும் காசில் இப்படி இரண்டு மூன்று பலகை செய்யலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இழப்பும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மணல் மேசை கணக்குப் போடுகிறது, எங்கள் பலகை ஒப்புவிக்கிறது. எந்தக் கட்டை எந்தக் குழியில் இருந்தால் எந்த வெளிச்சம் என்று நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்ததைத்தான் அது காட்டும். ஒரு பிள்ளை நாங்கள் நினையாத இடத்தில் அணை கட்டிப் பார்க்க விரும்பினால் அதற்கு இங்கே வழியில்லை. உண்மையான விஞ்ஞானம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வான்கதவைப் பாதி திறப்பதற்கும் வழியில்லை, கட்டை இருக்கிறது அல்லது இல்லை என்பதுதான் இதற்குத் தெரியும்.

அதனால் பலகைக்குப் பக்கத்தில், அந்தப் பின்னேரத்தில் பாவித்த மணல் பெட்டியை, தகரம் அடித்து நிரந்தரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கமரா இல்லை, கம்பி இல்லை. ஈர மணலும் ஒரு வாளித் தண்ணீரும். எங்கே வேண்டுமானாலும் அணை கட்டலாம், சரித்து வெட்டலாம், நேரே வெட்டலாம், எது தூர்ந்துபோகிறது என்று தண்ணீரே காட்டும். முழு வாவியின் கதையைப் பலகை சொல்லட்டும், வாயின் கதையை மணல் சொல்லட்டும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது, வெளிநாட்டுக் காசில் வாளியும் மணலுமா என்று ஒருவர் முகம் சுளித்தார். ஒன்பது வயதுப் பிள்ளை கையால் வாயை மூடியதையும், தண்ணீர் அவள் கையைச் சுற்றிப் போனதையும் விபரமாகச் சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இனி பலகையைச் செய்யும் தச்சரான ஓடாவியாரோடு பேச வேண்டிய ஒரு விடயம் பாக்கி. அந்த இரண்டாம் நாள் மாமா பெட்டிக்குக் கிட்ட வந்ததும் முதலில் செய்தது கோடு கீறுவது அல்ல. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கடல் அங்கால கிடக்கு, நீங்க இஞ்சால வெச்சிருக்கீங்க" என்று சொல்லி, இரண்டு பையன்களைப் பிடிக்கச் சொல்லி, மணலோடு பெட்டியைத் திருப்பினார். நான் வரைபடத்தில் பழகியபடி வடக்கைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தேன். அவர் எழுவானை எழுவானிலும் படுவானைப் படுவானிலும் வைத்தார். பெட்டியின் கடலோரம் இப்போது உண்மையான கடலைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அம்மம்மா தான் ஓடி வந்த வழியை நேராகக் கைநீட்டிக் காட்டினார், பெட்டியிலும் காட்டினார், யன்னலுக்கு வெளியேயும் காட்டினார். ஆகவே பலகையின் கால்களை நிலத்தோடு பொருத்திவிட வேண்டும், யாரும் திருப்பாதபடி. அப்படிப் பொருத்தினால் வாசற்கதவு முழுதாகத் திறக்காது என்கிறார் ஓடாவியார். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றித்தர எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறேன்.